கிளாஸ் லீடர் தீர்த்த குருவிச் சண்டை

ஐந்தாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். டீச்சர் வெளியே போனதும் கரும்பலகையின் ஓரத்தில் பேசுகிறவர்கள் பெயரை எழுதுவது என் வேலை. ஒரு முறை பேசினால் பெயர், மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அழுதாலும் கெஞ்சினாலும் கொடுக்காப்புளி கொடுத்தாலும் அழிக்க மாட்டேன். கொடுக்காப்புளியை மட்டும் வாங்கிக்கொள்வேன். எந்தத் தகராறாக இருந்தாலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும், பெயரை எழுதிவிட்டால் தகராறு தீர்ந்துவிடும் என்பது என் கொள்கை. இப்போது முப்பதை நெருங்குகிறேன். கொள்கை இன்னும் பெரிதாக மாறவில்லை என்று என் கணவர் சொல்கிறார்.

அந்த வருஷம்தான் மாமா குருவி வாங்கி வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர்களுடைய அம்மா போய்விட்டதால், அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணம் ஆகி அரியலூர் வந்தபோதும் கூடவே அழைத்து வந்துவிட்டாள். சீர்வரிசையில் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஒரு மச்சான் என்று மூன்று உருப்படி வந்ததாக அப்பா சொல்வார். சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் இடத்தில் அப்பாவுக்கு வேலை. அதனால் எதையும் உருப்படியாகத்தான் எண்ணுவார். மாமா வளர்ந்து, படித்து, பெரம்பலூரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். குரும்பலூரிலிருந்து அத்தையைக் கட்டி வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. அத்தைக்கு இருபத்து மூன்று. பி.காம். முடித்திருந்தாள்.

எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அறையை அம்மா புதுப் பெண் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் அந்த அறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்தாள். மாமா காலையில் என்ன சாப்பிடுவது, அத்தை கோயிலுக்கு எந்தப் புடவை கட்டுவது, இரண்டு பேரும் எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போவது, எல்லாம் அம்மா சொல்படிதான். "அதுங்க ரெண்டும் பிஞ்சுங்க, அதுங்களுக்கு என்ன தெரியும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வாள். அதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அத்தை சமையலறை வாசலில் நின்று, "அண்ணி, நான் ஏதாச்சும் செய்யட்டுங்களா?" என்று கேட்டால், அம்மா பாசமாக, "நீ போயி ஃபேனுக்குக் கீழ உக்காரும்மா" என்பாள். அத்தை போய் உட்கார்ந்துகொள்வாள். நான்கு மாதமாக ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரே பி.காம். பட்டதாரி அத்தையாகத்தான் இருப்பாள்.

அத்தைக்கு நன்றாகக் கதை சொல்ல வரும். அதற்காக நான் தினமும் அந்த அறையில்தான் படுத்தேன். மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில். நானே அடம்பிடித்துப் பிடித்த இடம் அது. பிள்ளை ஆசைப்படுகிறதே என்று அம்மாவும் விட்டுவிட்டாள். மாமா ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

குருவிகளைப் பாப்பாவுக்கு வாங்கினேன் என்றுதான் மாமா சொன்னார். பாப்பா என்பது நான். ஆனால் கூண்டை அத்தை கையில்தான் கொடுத்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கலர் மீன், குருவி எல்லாம் விற்கும் கடை ஒன்றில் நான்கு குருவியும் ஒரு கூண்டும் வாங்கி, குருவிகளை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் போட்டு, பஸ்ஸில் கொண்டு வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக் குழந்தை விரலை விட்டு விட்டு ஒரு ஓட்டையைப் பெரிதாக்கியதில் வழியிலேயே ஒன்று போய்விட்டது. "ஒண்ணு நடுவுல எறங்கிடுச்சு" என்றார் மாமா, டிக்கெட் எடுத்த ஆள் மாதிரி.

மிச்சம் மூன்று. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஒன்றுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, இரண்டு பக்கமும் செம்பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள், ரத்தச் சிவப்பில் மூக்கு. மற்ற இரண்டும் சாம்பல் நிறம். பொம்மை கார் ஹாரன் மாதிரி பீப் பீப் என்று மூன்றும் ஓயாமல் கத்தின.

"என்ன குருவிடா இது? இவ்ளோ சிறுசா இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"பிஞ்சுக்கா. கடையில அப்படித்தான் சொன்னாங்க."

"அடப்பாவி, பிஞ்சையா புடிச்சிட்டு வந்தே? தாய்கிட்டேருந்து பிரிச்சா?"

மாமாவுக்கும் அப்போதுதான் அது உறைத்தது. முகம் வாடிவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து குருவிகளை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். தாயில்லாப் பிஞ்சுகளை வளர்ப்பதில் அவளுக்கு முன் அனுபவம் இருந்தது. ஊறவைத்த தினை, நறுக்கிய கீரை, தினமும் ஒரு அவித்த முட்டையின் மஞ்சள் கரு. எனக்குக் கூட வாரத்துக்கு இரண்டு முட்டைதான். சீக்கிரம் பெரிய குருவியாக வளரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். நான் வாரம் ஒருமுறை கூண்டுக் கம்பிக்கு வெளியே அடிஸ்கேலைப் பிடித்து அளந்தேன். ஐந்து வாரமாக அதே அளவுதான். சத்து பத்தவில்லை என்று அம்மா முட்டையைக் கொஞ்சம் கூட்டினாள்.

கன்னத்தில் பொட்டு இருந்த குருவிக்கு ரவுடி என்று பெயர் வைத்தேன். எப்போது பார்த்தாலும் இன்னொன்றைத் துரத்திக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோரையும் கவனிப்பது டீச்சர். மூன்றாவதற்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அதன் பின்கழுத்தில் முடி கொட்டத் தொடங்கிவிட்டது. அதனால் அதற்கு மொட்டை.

முதலில் பொட்டளவு இடம்தான். அப்புறம் கழுத்து முழுக்க, அப்புறம் முதுகில் பாதி. ரோஜா நிறத் தோல் வெளியே தெரிந்தது. இரண்டு இடத்தில் ரத்தம் கண்டிருந்தது. கூண்டின் மூலையில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தினைக் கிண்ணத்துக்கு வந்தால் விரட்டு, தண்ணீருக்கு வந்தால் விரட்டு. அத்தை தினமும் மத்தியானம் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மூலையில் இருக்கும் மொட்டைக்குக் கம்பி வழியாகத் தினை நீட்டுவாள். மற்றவை வந்தால் கையால் தட்டி விரட்டுவாள். அத்தை யாரையாவது விரட்டி நான் பார்த்தது அப்போதுதான்.

"சின்னப் புள்ளைங்கன்னா அடிச்சிக்கத்தான் செய்யும், வளர்ந்தா சரியாயிடும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, மொட்டையைப் பிடித்து முதுகெல்லாம் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசிவிட்டாள். எங்கள் வீட்டில் யாருக்கு எங்கே புண் வந்தாலும் அதுதான் மருந்து. மறுநாள் மொட்டை உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தது. கத்துவதையும் நிறுத்திவிட்டது.

அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. மாமாவைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம வரைக்கும் பார்க்கறேன். எங்கண்ணு முன்னாடி ஒரு உசுரு போவக் கூடாது. மூணையும் கூண்டோட கொண்டுபோயி கடையில விட்டுட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். மாமா தலையாட்டினார். அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படியாச்சும் அது எதனாலன்னு கண்டுபுடி பாப்பா. மூணும் போயிடுச்சின்னா எனக்குப் பொழுதே போவாது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பெரியவர்கள் யாரும் அதுவரை என்னிடம் உதவி கேட்டதில்லை. எப்பாடுபட்டாவது தீர்த்துவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி ஐந்து.

கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் மூன்று பெயரையும் எழுதினேன். விரட்டினால் ஒரு பெருக்கல் குறி. அரை மணி நேரத்தில் ரவுடிக்குப் பதினான்கு, டீச்சருக்கு இரண்டு, மொட்டைக்கு ஒன்றுமில்லை. இதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? ரவுடியைப் பிடித்துக் காய்கறிக் கூடைக்குள் போட்டு, மேலே தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் சமூக அறிவியல் புத்தகத்தை வைத்தேன். ரவுடி விடாமல் கத்தியது. கூண்டுக்குள்ளிருந்து டீச்சர் பதில் கத்தியது. குற்றவாளி கத்தத்தான் செய்வான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் மொட்டையின் முதுகில் இருந்த மிச்சத்திலும் பாதியைக் காணவில்லை.

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல ஆகிவிட்டது. மொட்டையின் முடி போனது ஒரு பக்கம், என் தீர்ப்பு தப்பாகப் போனது ஒரு பக்கம். எது அதிகம் வலித்தது என்று கேட்டால், இப்போது வெட்கப்படாமல் சொல்கிறேன், தீர்ப்புதான். இட்லி கூடச் சாப்பிடாமல் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். தெருவில் சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் கூண்டு லேசாக அதிர்ந்தது. மொட்டை மூலையில் கண் மூடி உட்கார்ந்திருந்தது. டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தது. பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து நகர்ந்து மொட்டைக்குப் பக்கத்தில் வந்தது. கோபமே இல்லாமல், பூ பறிக்கிற மாதிரி, முதுகிலிருந்து ஒரு சின்ன வெள்ளை முடியைப் பிடுங்கியது. மொட்டை துள்ளி விழுந்தது. டீச்சர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முடியை வாயில் வைத்துக்கொண்டு தினைக் கிண்ணத்துக்குள் இறங்கி, ஏதோ செருகியது. திரும்பி வந்து இன்னொரு முடி.

டீச்சர் அப்படிச் செய்யும் என்று என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ரவுடியைத் திரும்பக் கூண்டுக்குள் விட்டுவிட்டு, கிண்ணத்தை வெளியே எடுத்துத் தினையை ஒதுக்கினேன். அடியில் வட்டமாக ஒரு படுக்கை இருந்தது. மொட்டையின் முடிகள், அத்தை புடவையின் நூல், அம்மாவின் நீளத் தலைமுடி இரண்டு, துடைப்பக் குச்சி, எல்லாம் ஒன்றோடொன்று பின்னி அழகாக இருந்தது. அத்தையிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"கூடு கட்டுது பாப்பா."

"பிஞ்சு எப்படி அத்தை கூடு கட்டும்? அதுதான் இன்னும் வளரவே இல்லையே?"

அத்தை லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. மறுநாள் மாமாவோடு கடைக்குப் போய் நேரிலேயே கேட்டுவிட்டு வா என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டையை ஒரு செருப்புப் பெட்டியில், பழைய துணியில் சுற்றி வைத்து, மாமாவும் நானும் பெரம்பலூர் பஸ் ஏறினோம். யார் விரலும் படாதபடி பெட்டியை நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். வழி முழுக்க உள்ளே அசைகிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன். அசைந்தால் கொஞ்சம் தைரியம் வரும், அசையாவிட்டால் பெட்டியைத் தட்டுவேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சும்மா தட்டாத பாப்பா, அது தூங்கட்டும்" என்றார்.

கடையில் ஒரு அக்கா இருந்தார். மீன் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

"யாரு இதுக்கு எண்ணெ தேச்சது?"

"அம்மா. மஞ்சளும் தேச்சாங்க."

"உப்பு, மொளகா போட மறந்துட்டாங்களா?" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து முதுகைத் துடைக்க ஆரம்பித்தார். "எண்ணெ பட்டா எறகு ஒட்டிக்கும். குளிர் தாங்காது. இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தீங்கன்னா செத்திருக்கும்." துடைத்து முடித்து, எரிகிற பல்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மொட்டை பீப் என்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான் கண்டுபிடித்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ரவுடி, டீச்சர், பதினான்கு பெருக்கல் குறி, கிண்ணத்துக்குள் இருந்த கூடு. குஞ்சாக இருந்துகொண்டு இந்த வேலை எல்லாம் செய்கின்றன என்று புகாராகவே சொன்னேன்.

"குஞ்சுன்னு யாரு சொன்னா?"

"மாமாதான். பிஞ்சுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா மீன் தொட்டியைப் பார்த்தார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ சாமி! பிஞ்சுங்கறது அதோட பேரு பாப்பா. லவ் பேர்ட்ஸுன்னு சொல்றம்ல, அந்த மாரி ஃபிஞ்ச்சுன்னு இங்கிலீஷு பேரு. அது இதுக்கு மேல ஒரு இஞ்சு வளராது. குஞ்சுன்னா மூக்கு கறுப்பா இருக்கும். இதுக்குப் பாரு, எப்படிச் செவந்திருக்கு? இதெல்லாம் குடும்பம் நடத்துற வயசு."

அப்புறம் அவர் கேட்கக் கேட்க மாமா பதில் சொல்லிக்கொண்டு வந்தார். என்ன தீனி? முட்டை. தினமுமா? தினமும். கூடு வைக்க பானை? இல்லை. மறைவாக ஒரு இடம்? இல்லை. எத்தனை குருவி? மூன்று.

"நல்லா இருக்கு" என்றார் அக்கா. "வேளா வேளைக்கு முட்டையும் குடுத்து, கூடும் வைக்காம, ஜோடிக்கு நடுவுல மூணாவதா ஒண்ணையும் வுட்டு வச்சா, அது என்ன பண்ணும்? இருக்கறதப் புடுங்கித்தான் கட்டிக்கும். அதுக்கு இது மேல கோவம் எல்லாம் ஒண்ணும் கெடையாது. எடம் இல்ல, அவ்வளவுதான். ஜோடியத் தனியா வுட்டுடுங்க சார். இதை வேற கூண்டுல பக்கத்துலயே வைங்க. சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கட்டும். முட்டைய நிறுத்துங்க. எல்லாம் தன்னால சரியாயிடும்."

ஒரு கூண்டு, கூடு வைக்கச் சின்ன மண் பானை, மூக்குத் தீட்ட கடல்நுரை ஓடு, ஒரு கட்டுத் தேங்காய் நார் என்று வாங்கிக்கொண்டு திரும்பினோம். எப்போதும் பஸ்ஸில் ஏதாவது பேசிக்கொண்டே வருகிற மாமா அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். பிஞ்சு என்று தப்பாகச் சொன்னதற்கு வெட்கப்படுகிறார் என்று நினைத்து, "பரவால்ல மாமா, யாருக்கும் தெரியாதுதான்" என்று ஆறுதல் சொன்னேன். அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடப் பிரேயரில் செய்தி வாசிப்பது போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அதுங்க பிஞ்சு இல்லையாம்மா. நாமதான் பிஞ்சு பிஞ்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். ரெண்டும் பெரியவங்களாம். குடும்பம் நடத்துற வயசாம். அதுங்களுக்குன்னு ஒரு எடம் வேணுமாம். நடுவுல மூணாவது ஆளு இருந்தா முடியத்தான் புடுங்கிக்குமாம். தனியா வுட்டா எல்லாம் சரியாயிடுமாம்."

பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அத்தை தட்டைப் பார்த்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை. மாமா பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்து, மோர் வேண்டும் என்றார், மோர் அவர் முன்னாலேயே இருந்தது. அம்மாவின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

"வேற என்ன சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

இவளாவது அக்கறையாகக் கேட்கிறாளே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. "மூணாவது மேல கோவம் எல்லாம் ஒண்ணும் கெடையாதாம்மா. எடம்தான் இல்லையாம்."

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். "சரி. உக்காந்து சாப்புடு" என்றாள்.

அன்றைக்கு நான் அறைக்குள் போகப் பாயைத் தூக்கியபோது, பரீட்சை வருகிறது, இனிமேல் என்கூடப் படு என்று அம்மா சொல்லிவிட்டாள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கதை போயிற்றே என்று அழுது பார்த்தேன். நடக்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் அல்ல, இரண்டு பேர் என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

குருவிகள் விஷயத்தில் அக்கா சொன்னது அத்தனையும் பலித்தது. பானையைக் கட்டி, நாரை உதிர்த்துப் போட்டதும், டீச்சர் ஒரு நாள் முழுக்க நார் சுமந்தது. ரவுடி கூடவே பறந்து பறந்து வழி காட்டியது. இரண்டும் அதற்கப்புறம் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டை பக்கத்துக் கூண்டில் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டது. பத்தாம் நாள் அதன் முதுகில் ஊசி ஊசியாக ஏதோ முளைத்தது. புண் என்று அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக் கூண்டை மறைத்துக்கொண்டு விடவே இல்லை. அந்த ஊசிகள் பிரிந்து இறகாயின. சுவரில் ரவுடிக்குப் போட்டிருந்த பதினான்கு குறியையும் அழித்தேன். என் பதவிக் காலத்தில் நான் முதல் முறையாக அழித்தது அதுதான். டீச்சர் பெயருக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. கூடு கட்டுவது தப்பா சரியா என்று எங்கள் வகுப்பில் சொல்லித்தரவில்லை. அதனால் பெயரையும் சேர்த்து அழித்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் மாமாவின் சாப்பாட்டுக் கேரியரை மூடிக்கொண்டே அம்மா சொன்னாள். "தெனம் போவ ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பஸ்ஸுலயே பாதி உசுரு போவுது. பெரம்பலூர்லயே ஒரு வூடு பாருடா."

"இல்லக்கா, அதெல்லாம் ஒண்ணும்..."

"பாருன்னா பாரு. ரெண்டு பேரும் போயிப் புடிச்ச வூடா பாருங்க. நான் வரல."

அத்தை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி" என்று அழுதாள். எங்களைப் பிரிய மனமில்லாமல் அழுகிறாள் என்று நினைத்து, "இங்கேயே இருங்க அத்தை, மாமா பஸ்ஸுல போயிட்டு வரட்டும்" என்று நான் யோசனை சொன்னேன். அத்தை அழுகையோடு சிரித்துவிட்டாள். அம்மா மட்டும் என்னை அடுப்பைப் பார்க்கப் போகச் சொன்னாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பெரம்பலூரில் வீடு கிடைத்தது. சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி வந்தது. அம்மா பாத்திரம், பருப்பு, புளி, அரைத்த மிளகாய்த்தூள் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். ஜோடிக் குருவிகளையும் அவளே தூக்கிக்கொண்டு போய் அத்தை மடியில் வைத்தாள். டீச்சர் இன்னும் முட்டையிடவில்லை, இட்டுவிட்டால் கூண்டை நகர்த்தக் கூடாது, இப்போதே கொண்டுபோய் ஒரே இடத்தில் வையுங்கள் என்று நான் வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தேன். மொட்டை என்னிடமே இருக்கட்டும் என்று ஏற்பாடு. வண்டி தெரு முனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றாள். அப்பா அவள் தோளைத் தொட்டு, "பெரம்பலூர் என்ன பட்டாளமா, விடு" என்றார்.

மொட்டை அன்று சாயங்காலமே கத்த ஆரம்பித்தது. பக்கத்துக் கூண்டு இருந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்தியது. தினையைத் தொடவில்லை. அதன் முடியை அத்தனை பிடுங்கிய குருவிகளை அது ஏன் தேடுகிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் கட்டிய புடவைகூட மாற்றவில்லை.

"ரெண்டு நாளா கத்திக்கிட்டே கெடக்குதே. இது எப்போ பழகும்?" என்று கேட்டாள்.

உண்மையில் எனக்குத் தெரியாது. கடைக்கார அக்கா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் கிளாஸ் லீடருக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "மூணு நாளும்மா" என்று விரலை நீட்டிக் காட்டினேன்.

"மூணே நாள்லயா?"

"ஆமா. மூணு நாளு கத்தும், அப்புறம் தன்னால பழகிடும். நீ இப்படி முன்னாடியே உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தா அது சாப்புடாது. எந்திரிச்சு வா."

நான் சொன்னதை அவள் நம்பின மாதிரி இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பால் காய்ச்சப் போனாள்.

மூன்றாம் நாள் மொட்டை கிண்ணத்தில் இறங்கித் தினை கொத்தியது. கொத்திவிட்டுத் தண்ணீர் குடித்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னது அப்படியே பலித்துவிட்ட பெருமை தாங்காமல் நான் சமையலறைக்கு ஓடினேன். "பழகிடுச்சும்மா! நான் சொன்னேன்ல, மூணே நாளு!"

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள். பானையில் சோறு கழுத்து வரை நிறைந்திருந்தது. கணக்கில் நான் கெட்டி. அப்பா, அம்மா, நான் என்று மனசுக்குள் எண்ணினேன்.

"நாம மூணு பேருதானம்மா? எதுக்கு அஞ்சு பேருக்கு வடிச்சிருக்கே?"

அம்மா பானைக்குள் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. "ஆமால்ல" என்று சொல்லிவிட்டு, மூடியைப் போட்டு மூடினாள். குருவிக்கு மூன்று நாள் என்று அடித்துச் சொன்ன எனக்கு, அம்மாவுக்கு எத்தனை நாள் ஆகும் என்று யோசிக்கத் தெரியவில்லை. மறுநாளும் அவள் ஐந்து பேருக்குத்தான் சமைத்தாள். இவ்வளவு எளிய கணக்கு அம்மாவுக்கு ஏன் வரவில்லை என்று நான் ஆச்சரியப்பட்டேன்.